பழியை ஓசூர் மேல் போட்டோம்

எங்கள் வீட்டில் எது கெட்டாலும் பழி ஓசூர் மேல்தான் விழும். இட்லி மாவு பொங்கவில்லையா, ஓசூர் குளிர். அம்மாவுக்கு முடி கொட்டுகிறதா, ஓசூர் தண்ணீர். மாநில எல்லையில் இருக்கும் ஜூஜுவாடியை நெருங்கியதுமே அப்பாவின் செல்போன் கர்நாடக டவரைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் குறுஞ்செய்தி காட்டுகிறதா, அதற்கும் ஓசூரைத்தான் திட்டுவார். எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளியைத் திட்டினால் பக்கத்து மாநிலத்தோடு சண்டை மூண்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர்க்காரர்கள். அப்பாவுக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓசூர் குளிர் அவர்களுக்குப் பழகவில்லை. மார்கழி வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் அப்போது பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. எனக்கு ஒரு பாடம் புதிதாகப் புரிந்தால் அன்றைக்கு வீட்டில் யாருக்காவது அந்த வியாதி வந்துவிடும். மலேரியா படித்த அன்று அப்பா தும்மினார். நான் அவருடைய ரத்தத்தை எடுக்க ஊசி தேடினேன். மஞ்சள் காமாலை படித்த வாரம் அம்மாவின் கண்ணை டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன். குழம்பில் மஞ்சள் பொடி போட்டுக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைக் காட்டி, "உனக்கு வரப்போவுது பாரு காமாலை" என்றார்.

இத்தனை வியாதிகளைக் கண்டுபிடித்த எனக்கு, என் பக்கத்திலேயே படுத்திருந்த தங்கையைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள். ஓசூரிலேயே பிறந்தவள். இரண்டாம் வகுப்பு வரைக்கும் வாயாடி. கீழ்வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தூத்துக்குடித் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் அடித்துவிடுவாள். அதன் பிறகு ஒன்றரை வருஷத்தில் மெதுமெதுவாக அடங்கிப்போனாள். ஒரே நாளில் அடங்கியிருந்தால் யாராவது பதறியிருப்போம். தண்ணீர்த் தொட்டி கசிவது போலத் தெரியாமல் குறைந்ததால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. எல்லாச் சமாதானமும் ஓசூர்தான்.

சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். ஓசூர் குளிர், எங்கள் எல்லோருக்கும்தானே அடிக்கிறது! கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. "ஓசூர் தண்ணி அவளுக்கு நல்லா ஒத்துக்கிட்டு" என்று அம்மா ஊருக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். குரல் கொஞ்சம் கட்டையாகி, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். எந்த மொழியில் பதில் சொல்வது என்று யோசிக்கிறாள் என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். எனக்கே சில நாள் கடையில் அப்படி ஆகும்.

இன்னொன்றைச் சொன்னால்தான் எங்கள் புத்தி முழுசாக விளங்கும். அம்மா பள்ளிக்கூடப் பாவாடையைப் பெரிய அளவில் எடுத்து, அடியில் மூன்று டக் பிடித்துத் தைக்கச் சொல்வார். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை பிள்ளையோடு வளரும். நான் வருஷத்துக்கு இரண்டு டக் பிரிக்க வைத்த ஆள். தங்கை நாலாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அம்மா பிளேடோடு உட்கார்ந்து, பாவாடையை அவள் இடுப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, பிளேடை அப்படியே பேப்பரில் மடித்து வைத்தார்.

"இந்த வருசமும் பிரிக்க வேண்டாம். தங்கம்டீ நீ" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்து சேரவும் கொஞ்சம் நேரமானது.

பள்ளிக்கூடத்திலும் அவள் தங்கம்தான். டீச்சர் அவளை லீடர் ஆக்கியிருந்தார். டீச்சர் வெளியே போகும்போது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது லீடரின் வேலை. பேசவே பேசாத பிள்ளை என்பதால் அவளுக்கு அந்தப் பதவி. வகுப்பே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, காரணம் வேறு. ஒருத்தன் பெயரை யோசித்து, சாக்பீஸ் எடுத்து, முதல் எழுத்தைப் போடுவதற்குள் டீச்சர் திரும்பி வந்துவிடுவார். அரைப் பரீட்சை வரைக்கும் நாலாம் வகுப்பில் ஒருத்தனும் அடி வாங்கவில்லை.

ஆகஸ்டில் மாதத் தேர்வுத் தாள்களோடு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட். அம்மாவும் நானும் போனோம். டீச்சர் தளி பக்கத்துத் தெலுங்குக்காரர். தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தட்டிப் பார்த்துப் பேசுவார்.

"பாப்பா பங்காரம், தங்கம்ங்கம்மா. சத்தமே இல்ல. ஆனா தலையில ஒண்ணுமே ஏறல. நேத்து சொன்னது இன்னிக்கு இல்ல. மூணாவதுலயே இன்னொரு தரம் உக்கார வெச்சிடலாம்னு ஹெட்மிஸ் சொல்றாங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ரெண்டாப்புல இவதான டீச்சர் பஸ்ட் ரேங்கு?"

"அதாங்கம்மா எனக்கும் புரியல. அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கலாம். அப்பவும் இப்டியே இருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

டிசம்பர் வரை கெடு. வீட்டுக்கு வரும் வழியில் தங்கை என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "அக்கா, மூணாவதுல என்னைய விட சின்னப் பிள்ளைங்கதான இருப்பாங்க?" என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவள் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குப் பொறி தட்டிவிட்டது. தைராய்டு! பாடத்தில் படித்திருந்தேன். தொண்டையில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. உடம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டர். அது சுரக்க அயோடின் வேண்டும். அயோடின் குறைந்தால் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சி மந்தமாகும், படிப்பு ஏறாது. உப்பில் அயோடின் சேர்ப்பது அதற்குத்தான். எங்கள் வீட்டு உப்போ, அப்பா வருஷத்துக்கு ஒருமுறை ஊரிலிருந்து சாக்கில் கட்டி, பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவருகிற கல் உப்பு. அளத்திலிருந்து நேராக எங்கள் ஜாடிக்கு. நடுவில் யார் அயோடின் போட்டது?

பள்ளி லேப்பில் உப்பைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் ஒருமுறை வந்து செய்து காட்டிவிட்டு விட்டுப்போனது. அயோடின் உள்ள உப்பில் ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். வேதியியல் மிஸ்ஸிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து இரண்டு தட்டுகளை வைத்தேன். ஒன்றில் எங்கள் உப்பு, மற்றதில் கீழ்வீட்டில் கடன் வாங்கிய பாக்கெட் உப்பு.

அப்பா செய்தித்தாளை இறக்கினார். "என்னட்டி செய்யுத?"

"உப்ப டெஸ்ட் பண்றேன்பா."

"ஏட்டி, எங்க ஊரு உப்பயா சோதிக்க? லாரி லாரியா நாட்டுக்கே உப்பு போடுத ஊருட்டி அது!"

பாக்கெட் உப்பு நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நிறம் மாறியது. எங்கள் ஊர் உப்பு வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. 

"பாத்தியா, எது சுத்தம்னு தெரிஞ்சுபோச்சா?" என்று அப்பா மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்.

சோதனையில் தோற்றது அந்த வெள்ளைதான் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் தங்கைக்காக இறங்கி வந்தார். சாக்கு பரணுக்குப் போனது. பாக்கெட் உப்பு வந்தது. அம்மாவுக்கு அளவு பிடிபடாமல் பத்து நாள் சாம்பாரில் உப்பு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அப்பா ஒவ்வொரு கவளத்துக்கும், "இதுவா உப்பு?" என்பார். நான் அடுப்படிச் சுவரில் காலண்டர் மாட்டி, தங்கைக்கு என்றைக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் சாயங்காலம் ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்பேன். "ஒம்போது மூணு..." என்று தொடங்கிவிட்டு, ஸ்வெட்டருக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கிப்போவாள்.

செப்டம்பர் போனது. அக்டோபரும் வந்தது. உப்பு மட்டும்தான் தீர்ந்தது.

தீபாவளித் துணிக்கு டெய்லர் பாயிடம் போனோம். எங்கள் தெருமுனையில் கடை. எல்லோருடைய அளவையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். பெயர் எழுத மாட்டார். "தூத்துக்குடி பெரிய பொண்ணு", "தூத்துக்குடி சின்னது" என்றுதான் இருக்கும். தங்கையை நிறுத்தி டேப்பைத் தோளிலிருந்து கீழே விட்டவர், நோட்டைப் புரட்டினார். மறுபடி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது தரமும் அளந்தார்.

"என்ன பாய், டேப்பு தகராறா?" என்றேன்.

"டேப்பு சரியாத்தான்மா இருக்கு. பாப்பாதான் தகராறு." நோட்டை அம்மா பக்கம் திருப்பினார். "போன தீபாவளிக்கு என்ன ஒசரமோ அதே ஒசரம். அரை இன்ச்சு கூட ஏறல. அதுக்கு முந்தின தீபாவளிக்கும் பாருங்க, பெருசா வித்தியாசம் இல்ல. இடுப்பு மட்டும்தான் ஏறியிருக்கு. இந்த வயசுல பிள்ளைங்க முருங்கை மாதிரி போகும்ல? டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. துணி அப்பறம் தைக்கலாம்."

நான் உயிரியல் புத்தகத்தைத் தலைகீழாகப் படித்தவள். என் கண் முன்னால் ஒரு பிள்ளை வளராமல் நின்றதை, டேப் பிடித்தவர்தான் கண்டுபிடித்தார். எனக்கு வந்த வெட்கத்தில் சுடிதார் அளவு கொடுக்கவே மறந்துவிட்டேன்.

குழந்தைகள் டாக்டரம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தார். தங்கையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலில் தட்டினார், மலம் எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறாள் என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வந்த அன்று நான் முந்திக்கொண்டேன்.

"தைராய்டுதானே மேடம்? எனக்கு ஆகஸ்டுலயே தெரியும். அயோடின் உப்புக்கு மாத்திட்டோம்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஆகஸ்ட்லயே தெரியுமா? அப்ப ஏன் ஆகஸ்ட்லயே வரல?"

நான் மேஜை மேலிருந்த ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். "அயோடின் உப்பு நல்லதுதான், அதை விட்டுடாதீங்க. வயித்துல பிள்ளை இருக்கிறப்ப அம்மாவுக்கு அயோடின் ரொம்பக் குறைஞ்சா, பிள்ளையோட மூளை வளர்ச்சியே பாதிக்கும். அந்த நஷ்டத்தைப் பின்னாடி ஈடு கட்ட முடியாது. ஆனா இந்தப் பாப்பாவுக்கு நடந்தது வேற. இவ உடம்பே இவ தைராய்டைப் பகையாளியா நெனச்சு அடிச்சிட்டிருக்கு. சுரப்பி சோர்ந்து போச்சு. எத்தனை மூட்டை உப்பு கொட்டினாலும் அது எழுந்திருக்காது. அது சுரக்க வேண்டியதை நாம மாத்திரையாக் குடுக்கணும்."

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "மூளை... திரும்ப வருமா டாக்டர்?"

"ரெண்டாவது வரைக்கும் நல்லா படிச்சவதானே? சின்ன வயசுல மூளை நல்லாவே வளந்திருக்கு. இப்ப தூங்குது, அவ்வளவுதான். தினமும் காலையில வெறும் வயித்துல மாத்திரை, தண்ணியோட. பால் கூடாது. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. ஒரு நாளும் விடக் கூடாது, அதான் முக்கியம்." பிறகு டெய்லரின் நோட்டிலிருந்து நாங்கள் எழுதி வந்திருந்த அளவுத் துண்டுச்சீட்டைப் பார்த்து, "இந்த பாயை எங்கிட்ட அனுப்புங்க. வேலை போட்டுத் தர்றேன்" என்று சிரித்தார்.

மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. "இம்புட்டுக்காண்டு மாத்திரையா மூளைய எழுப்பப்போவுது?" என்றார் அப்பா.

எழுப்பியது. முதலில் மலச்சிக்கல் போனது. அது போனதை வீட்டில் விழா போலக் கொண்டாடினோம். மூன்றாவது வாரம் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். நவம்பர் கடைசி, எங்களுக்கெல்லாம் பல் கிட்டித்துக்கொண்டிருந்தபோது! ஒன்பதாம் வாய்ப்பாடு கேட்டால், "போன வாரமே சொல்லியாச்சு, பன்னெண்டு கேளு" என்றாள். அரைப் பரீட்சையில் கணக்கு மட்டும் மூச்சுத் திணறிக் கரையேறியது. மற்ற எல்லாவற்றிலும் நிமிர்ந்து பாஸ். மூன்றாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பும் பேச்சு அதோடு நின்றது.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் டீச்சர் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை அப்பாவும் வந்தார், பாராட்டு வாங்கிப்போக.

டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், பாப்பாக்கு என்ன ஆச்சு? வாய் மூடவே மாட்டேங்குது. நான் ஒண்ணு சொன்னா ஏன்னு கேக்குது. நான் வெளிய போயிட்டு ரெண்டு நிமிசத்துல வர்றேன், போர்டுல இருபத்தாறு பேர் பேரு! கடைசியில என் பேரும் இருக்கு. பக்கத்து க்ளாஸ் டீச்சர்கிட்ட வாசல்ல நின்னு பேசினேனாம்."

எனக்கு அடக்க முடியவில்லை. அப்பா என்னை முறைத்தார்.

வீட்டிலும் கதை அதேதான். தட்டைத் தள்ளினாள். கதவைச் சாத்தினாள். அம்மாவிடம், "நீ ஏன் எப்பப் பாத்தாலும் ஓசூரையே திட்டுற? நான் ஓசூர்தான்" என்று சண்டைக்குப் போனாள். அப்பா கீழ்வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து அவருடைய தெலுங்கைத் திருத்தினாள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"மாத்திரையாலதான் பிள்ளை கெட்டுப்போச்சு," என்று ஒரு நாள் அறிவித்தார். "பரீட்சையில பாஸாயாச்சுல்லா? போதும். நிப்பாட்டிருவோம். எனக்கு எம் பழைய பிள்ளை வேணும். எப்பிடி அடக்கமா இருக்கும்!"

"அது அடக்கம் இல்லப்பா, வியாதி!" என்று கத்தினேன்.

"நீ சும்மா கெட. உப்ப மாத்துன ஆளுதான நீ?"

அந்த அடி சரியாக விழுந்தது. என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பு போய் மாதங்களாகியிருந்தன. அம்மாவோ அப்பா சொன்னதற்கும் நான் சொன்னதற்கும் சேர்த்தே தலையாட்டினார். மாத்திரை நின்றால் அவள் மறுபடி அந்த ஸ்வெட்டருக்குள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? என்னால் முடிந்தது ஒன்றுதான். "நிறுத்துறதுன்னா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க" என்று மூன்று நாள் விடாமல் நச்சரித்தேன்.

டாக்டரம்மா முதலில் அளவு அதிகமாகிவிட்டதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார். மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்பா தன் புகாரை முழுசாகச் சொன்னார். தட்டு, கதவு, தெலுங்கு எல்லாம். டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். பிறகு அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா மாத்திரைய நிறுத்தலாம்ங்கறாரு. நீ என்ன சொல்ற? முன்ன எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு?"

இவ்வளவு நாளில் நாங்கள் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கை நாற்காலியில் காலாட்டிக்கொண்டே சொன்னாள். "முன்னாடி டீச்சர் பேசுறது பக்கத்து வீட்டு டிவி மாதிரி கேக்கும். ஏதோ ஓடுதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. காதை வெச்சு வெச்சு கேட்டா தூக்கம் வந்துரும். இப்ப நம்ம வீட்டு டிவி மாதிரி கேக்குது." கொஞ்சம் யோசித்து, "ஆனா புரோகிராம் நல்லால்ல" என்றாள்.

டாக்டரம்மா சிரித்தார். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"அப்போ... நாங்க பேசுனதும்?" என்று கேட்டார்.

"நீங்க பேசுனதும்தான்ப்பா. நீங்க திட்டுறீங்களா கொஞ்சுறீங்களான்னு தெரியாது. அதான் எல்லாத்துக்கும் சிரிச்சிருவேன்."

அப்பா வெளியே வந்து, மருந்துக்கடையில் போய் நின்று, மூன்று மாதத்துக்கான மாத்திரையை ஒன்றாகக் கேட்டார். வழியெல்லாம் தங்கையின் கையை விடவில்லை. அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்", "ம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவருக்கு முதல் ஷிப்ட். விடிவதற்கு முன்னே எழுந்து குளித்து, கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவை முந்தி அவரே தங்கையை எழுப்பினார். டம்ளரில் தண்ணீர், உள்ளங்கையில் மாத்திரை. அவள் விழுங்கினாள். அரை மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றால் அந்த அரை மணி நேரம் வாய்க்கு வேறு வேலை வேண்டுமே.

"அப்பா, கோழி மரத்து மேல தூங்குதுல்ல? தூங்குறப்ப ஏன் கீழ விழ மாட்டேங்குது?"

"அது... பழக்கம்மா."

"எனக்கும் கட்டில்ல தூங்கிப் பழக்கம்தான். நான் விழுந்தேனே?"

அப்பா ஷூ லேஸைக் கையில் பிடித்தபடி யோசித்தார். கோழியின் எடை பற்றி ஏதோ சொன்னார். அவள் மறுத்தாள். நகம் பற்றிச் சொன்னார். அதையும் மறுத்தாள். தெருமுனையில் கம்பெனி பஸ் ஒரு தரம் ஹாரன் அடித்தது. இன்னொரு தரம் அடித்தது. கிளம்பிப் போகிற சத்தமும் கேட்டது.

"ஐயையோ, பஸ் போயிட்டு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"போட்டும்," என்றார் அப்பா, ஒரு காலில் ஷூவும் மறு காலில் லேஸும் தொங்க. என் பக்கம் திரும்பினார். உப்பு விவகாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஏட்டி பெரியவளே, நீ பயாலஜிதான படிக்க? கோழி ஏன் விழல?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துவரப் போனேன். வருவதற்குள் அவள் வௌவாலுக்குப் போய்விட்டாள்.